காலியாக வந்தால்

குழந்தைவேலு அந்தக் கருவியைச் செய்து முடித்த அன்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். வாட்ச்மேனுக்கு இரண்டு.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால் இவற்றின் உதிரிப் பாகங்கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லும் கருவி அது. கடைகள் பல ஊர்களில் இருந்தன. ஒவ்வொரு கடையும் தன் சரக்கைத் தன் போக்கில் எழுதி வைத்திருந்தது. கருவி அவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, கேட்ட பொருளுக்கு உரிய பட்டியலை நொடியில் தந்தது.

அதற்குத் திரை கிடையாது. பொத்தான் கிடையாது. ஒரு மென்பொருள் கேட்கும், இது பதில் சொல்லும். கணினிக்காரர்கள் இதை ஏபிஐ என்பார்கள். எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன வரும் என்பதெல்லாம் ஒரு கையேட்டில் இருக்கும். கையேடு சரியில்லை என்றால் கருவி இருந்தும் இல்லாததுதான்.

கோவையில் இருந்த அந்தச் சிறிய நிறுவனத்தில் கையேடுகள் எழுதுபவர் தமயந்தி. குழந்தைவேலுவைவிடப் பல வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். அவர் எழுதிய கையேடுகளை வெளிநாட்டில்கூடப் படித்தார்கள்.

கருவியைப் பற்றிக் கேட்டுக்கொண்ட தமயந்தி, "இதை அண்ணாவே எழுதட்டும்," என்றார்.

"நானா? எனக்கு லீவு லெட்டரே ஒழுங்கா எழுத வராதுங்க."

"கருவி செய்ய வந்துச்சுங்களே."

"அது வேறைங்க."

"எப்படி வேறைங்க?"

குழந்தைவேலு கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்ப நீங்க சொல்லிக் குடுங்க," என்றார். "நான் உங்க சீடன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து அலுவலகத்தில் அவரைச் சீடர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. காலையில் முதல் ஆளாக வந்து எழுத உட்கார்ந்தார். சாப்பிடும்போதும் எழுதினார். ஒரு வாரத்தில் கையேடு தயாராகிவிட்டது. தமயந்தியின் மேஜைக்கு அதைக் கிட்டத்தட்ட ஓட்டமாகவே கொண்டுபோனார்.

தமயந்தி முதல் வரியைப் படித்தார். 'இந்தக் கருவி மிகவும் எளிமையானது.'

பேனாவால் அதை அடித்தார்.

"ஏனுங்க? நிஜமாலுமே எளிமைதானுங்க."

"யாருக்குங்கண்ணா?"

"எல்லாருக்கும்."

"ஒருத்தர் முயற்சி பண்றார். அவருக்கு வரலை. அப்ப இந்த வரி அவர்கிட்ட என்ன சொல்லும்?"

குழந்தைவேலு அந்த வரியைத் திரும்பப் பார்த்தார். எழுதும்போது அன்பாகத் தெரிந்த வரி அது.

தமயந்தி மேலே படித்துக்கொண்டே போனார். கருவி பிறந்த கதை ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதை அடித்தார். கருவிக்குள் என்னென்ன நடக்கிறது என்று மூன்று பக்கம் இருந்தது. அதையும் அடித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். கீழே தடித்த எழுத்தில் இருந்தது: 'எந்தச் சந்தேகம் இருந்தாலும் எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம்.' அதன் கீழே குழந்தைவேலுவின் கைபேசி எண்.

அதையும் அடித்தார்.

"இது உதவிதானுங்களே?" குழந்தைவேலுவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "வேற எந்தக் கம்பெனிக்காரன் இப்படிச் செய்வான்? நான் நேர்ல சொன்னா ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிரும்."

தமயந்தி பேனாவை மூடி வைத்தார்.

"எங்க ஊர்ப்பக்கம் ஒரு மினி பஸ் ஓடுச்சுங்க. அதுக்கு போர்டு கிடையாது. கண்டக்டருக்கு நல்ல தொண்டை. படியில நின்னு போற ஊர் பேரெல்லாம் வரிசையாக் கூவுவார். ஜனங்க ஏறிக்குவாங்க. போர்டு எழுதலாம்னு முதலாளி சொன்னப்ப, நான் இருக்கறப்ப போர்டு எதுக்குன்னு கேட்டார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

"அதெப்படி? கண்டக்டருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லைங்க. கடைசி வரைக்கும் நல்லாத்தான் கூவுனார்."

"பஸ் காலியாப் போச்சா?"

"நிறைஞ்சுதான் போச்சு."

"அப்ப என்னதாங்க குறை?"

"காது கேக்காத ஒருத்தர் அந்த ஸ்டாப்புல எத்தனை நாள் நின்னார்னு யாருக்கும் தெரியாது," என்றார் தமயந்தி.

குழந்தைவேலு கையேட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். கைபேசி எண்ணை நீக்கினார். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

வெளியீட்டு நாள் வந்தது. அவினாசி சாலையில் ஒரு கல்லூரியின் பெரிய அரங்கை எடுத்திருந்தார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஈரோட்டிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அன்று ஒரு நாள், கருவியை வைத்து அவர்கள் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். கையில் கையேடு மட்டும்தான். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கருவி பிழைக்கும். இல்லையென்றால் அதை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நிறுவனத்தின் முதலாளி சொல்லியிருந்தார்.

குழந்தைவேலு புதுச்சட்டை போட்டிருந்தார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்போல வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு நாக்குத் துறுதுறுத்தது.

தமயந்தி வந்து அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார். அதில் 'பேசாத பார்வையாளர்' என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க?"

"ஏதாவது ஒரு மேஜையில உட்காருங்க. பாருங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் பேசக் கூடாது."

"யாராச்சும் சிக்கிக்கிட்டா?"

"பாருங்க."

"என்னால முடியாதுங்க. வாய் தானா தொறந்துக்கும்."

"கை இருக்குதுல்லங்க? எழுதலாம். பேசத்தான் கூடாது."

குழந்தைவேலு கடைசி வரிசையில் ஓரமாக ஒரு மேஜையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு பெண் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தார். பெயர் நிலோஃபர் என்று அவருடைய அட்டை சொன்னது. பொள்ளாச்சியில், செயற்கைக் கால் பொருத்தும் ஒரு மையத்தில் மென்பொருள் எழுதுகிறவர். அவருடைய நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரம் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதைக் கருப்பு டேப்பால் சுற்றியிருந்தார்.

நிலோஃபர் குழந்தைவேலுவின் அட்டையைப் படித்தார்.

"அட, மௌன விரதமா?"

குழந்தைவேலு தலையாட்டினார்.

"எங்க ஆபீஸுக்கும் இப்படி ஒரு ஆள் வேணும் சார். உட்காருங்க, உட்காருங்க. நான் சத்தமாத்தான் யோசிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கையேட்டைத் திரையில் திறந்தார். முதல் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "கருவியத் திறக்க ஒரு சாவி எண் வாங்கணும். சரி. வாங்கியாச்சு. பொருளோட பேர் குடுக்கணும். குடுத்தாச்சு." ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பருக்குக் கேட்டார்.

பட்டியல் கொட்டியது. கோவை, மதுரை, வேலூர். விலை, அளவு, கடையின் பெயர், தொலைபேசி எண்.

"ஹே!" என்றார் நிலோஃபர். "ஒரே தடவைல வந்துருச்சு! சார், பாத்தீங்களா?"

குழந்தைவேலு பார்த்தார். மேஜைக்கு அடியில் அவருடைய இரண்டு கால்களும் ஆடின. எழுந்து நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

நிலோஃபர் அடுத்தடுத்துக் கேட்டார். முழங்கால் மூட்டு வந்தது. கைப்பிடி உறை வந்தது. மாவட்ட வாரியாகக் கேட்டார், வந்தது. விலை வாரியாகக் கேட்டார், வந்தது. "இதை யார் செஞ்சாங்களோ, அவங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும்!" என்றார். அந்த வாய் இறுக மூடியிருந்தது.

அரங்கம் முழுக்க இதே சத்தம்தான். முன்வரிசையில் ஈரோட்டுக்காரர்கள் யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி தூரத்திலிருந்து குழந்தைவேலுவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சரி," என்றார் நிலோஃபர். "மையத்துக்கு வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. இப்ப என் சொந்த விஷயம்."

குனிந்து, டேப் சுற்றிய சக்கரத்தைத் தட்டினார்.

"இதைச் செஞ்ச கம்பெனிய மூடிட்டாங்க சார். இந்தச் சக்கரம் சரியில்லாம வெளிய போறதுக்கு ஒவ்வொரு தடவையும் யாரையாச்சும் கூப்பிட வேண்டியிருக்கு. இன்னைக்கு வந்ததே தம்பி கார்ல. நாற்காலியவே மாத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. இது என் உடம்புக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. விட மனசில்ல."

மாடல் பெயரை அடித்தார். கேட்டார்.

பதில் வந்தது. இரண்டு சதுர அடைப்புக்குறிகள். நடுவில் ஒன்றும் இல்லை.

நிலோஃபர் அதைப் பார்த்தார்.

"இல்லையாம்," என்றார்.

குழந்தைவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருக்கிறது. அவருக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் பழைய சக்கரங்கள் பழுது பார்க்கும் கடைகளில் கிடக்கின்றன. அந்தக் கடைகளை அவரே ஒவ்வொன்றாகக் கருவியில் சேர்த்தார். ஆனால் கருவி வேகமாக ஓடவேண்டும் என்று, சும்மா கேட்டால் புதுச் சரக்கில் மட்டும் தேடும்படி செய்திருந்தார். பழுதுக்கடைகளிலும் தேட வேண்டுமென்றால் கேள்வியில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். அந்தச் சொல் கையேட்டில் எங்கும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருந்தார். எல்லோரும் என்றால் அவர் ஒருவர்.

வாயைத் திறந்தார். அரங்கின் மறுகோடியில் தமயந்தி நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

வாயை மூடினார்.

நிலோஃபர் மடிக்கணினியைப் பாதி மூடினார். பிறகு நிறுத்தினார்.

"நான்தான் ஏதாச்சும் தப்பாக் கேட்டனோ என்னவோ," என்று முணுமுணுத்தார். "இன்னொரு தடவை முதல்லருந்து படிச்சுப் பாக்கறேன்."

கையேட்டின் முதல் பக்கத்துக்குப் போனார்.

குழந்தைவேலு தன் பையிலிருந்து மடிக்கணினியை உருவினார். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தார். மறுபடி அடித்தார். கையேட்டைத் திருத்தும் பக்கம் திறந்தது.

பக்கத்தில் நிலோஃபரின் விரல் இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டது.

'கருவியின் இயல்பான அமைப்பில்' என்று ஆரம்பித்தார். இல்லை. அழித்தார். 'வேகத்தைக் கருத்தில் கொண்டு' என்று எழுதினார். நிலோஃபர் எதற்கு என் கருவியின் வேகத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்? அழித்தார்.

நிலோஃபர் மூன்றாம் பகுதியில் இருந்தார். பெருமூச்சு விட்டார்.

குழந்தைவேலு அவருடைய முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நிறுத்தாமல் எழுதினார்.

'பட்டியல் காலியாக வந்தால், பொருள் எங்கும் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். இதுவரை புதுச் சரக்கில் மட்டும் தேடியிருக்கிறோம். பழுது பார்க்கும் கடைகளிலும் தேட, கேள்வியின் கடைசியில் இந்தச் சொல்லைச் சேர்க்கவும்.'

கீழே அந்தச் சொல்லை எழுதினார். அதன் கீழே ஓர் எடுத்துக்காட்டு வைத்தார். வெளியிடும் பொத்தானை அழுத்தினார். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

நிலோஃபர் கடைசிப் பகுதியையும் படித்து முடித்தார். "நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்," என்றார். மடிக்கணினியை மூட மறுபடி கையை வைத்தார்.

திரையின் மேல் மஞ்சள் பட்டை ஒன்று தோன்றியது. 'இந்தப் பக்கம் இப்போது திருத்தப்பட்டது. புதிய பக்கத்தைப் பார்க்க இங்கே தொடவும்.'

"இது என்ன?"

தொட்டார். படித்தார். உதடு அசைய இன்னொரு முறை படித்தார்.

சொல்லைச் சேர்த்தார். கேட்டார்.

சேலத்தில் ஒரு கடை. நாகர்கோவிலில் ஒரு கடை.

நிலோஃபர் கைபேசியை எடுத்துச் சேலத்துக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"ஹலோ, அண்ணே, சக்கர நாற்காலி முன் சக்கரம்... ஆமாங்க, அந்தப் பழைய கம்பெனிதான். ஆமா, சிவப்பு மூடி போட்டது. இருக்குதா? நிஜமாவா? ரெண்டு இருக்குதா? எடுத்து வைங்கண்ணே! யாருக்கும் குடுத்துராதீங்க! நாளைக்கே வர்றேன். நானே வர்றேன்!"

கைபேசியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஒரு கூச்சல் போட்டார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"கிடைச்சிருச்சுங்க!" என்றார் எல்லோரையும் பார்த்து. "என் சக்கரம் கிடைச்சிருச்சு!"

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே திண்டுக்கல்காரர் ஒருவர் எழுந்தார். "எங்களுக்கும் காலியாத்தாங்க வந்துட்டு இருந்துச்சு! இப்பத்தான் படிச்சோம். எங்களுக்கும் வருது!" என்றார். "இங்கயும், இங்கயும்" என்று இன்னும் இரண்டு மேஜைகளில் குரல் கேட்டது. அரங்கம் மறுபடி விசிலடித்தது.

குழந்தைவேலுவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பேசவில்லை.

மதியத்துக்குள் முதலாளி மேடையேறி, கருவி தொடரும் என்று அறிவித்தார். இன்னொரு சுற்று கைதட்டல். தமயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். குழந்தைவேலுவின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார்.

"இனிப் பேசலாங்கண்ணா."

குழந்தைவேலு விருட்டென்று எழுந்தார். நிலோஃபர் வாசலில் தம்பியின் காருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும். நான்தான் செஞ்சேன், நான்தான் எழுதினேன், அந்த வரியை உங்க பக்கத்துல உட்கார்ந்துதான் எழுதினேன். எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வேகமாக நடந்தார்.

நிலோஃபர் அவரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"சார்! அட்டை போயிருச்சு! இப்பப் பேசலாமா?"

"பேசலாங்க."

"அப்ப உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, கேளுங்க!"

"இங்க நல்ல டீ எங்க சார் கிடைக்கும்?"

குழந்தைவேலு சாலையின் எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

"எதுத்தாப்புல பேக்கரி இருக்குதுங்க," என்றார். "இஞ்சி டீ நல்லா இருக்கும். வாசல்ல சரிவு போட்டிருக்காங்க, நேரா உள்ள போயிரலாம்."

"ரொம்ப தாங்க்ஸ் சார்!"

கார் வந்தது. நிலோஃபர் கையசைத்துவிட்டுப் போனார். போகும்போது தம்பியிடம் சேலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு திரும்பி வந்தார். தமயந்தி காலி மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அவங்க கேட்டாங்களா, யார் எழுதுனதுன்னு?"

"டீ எங்க கிடைக்கும்னு கேட்டாங்க."

"கருவியைப் பத்தி?"

குழந்தைவேலு யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலைங்க."

தமயந்தியின் முகம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. அவர் அப்படிச் சிரித்துக் குழந்தைவேலு அதுவரை பார்த்ததில்லை.

"என் கையேட்டைப் படிச்சவங்களும் இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லைங்கண்ணா," என்றார்.